"எல்லாம் துன்பமே" என்கிற பதஞ்சலியை நம்பி நிலையான மகிழ்ச்சியைத் தேடலாமா?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது 53. மதுரையில் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் முதுகுவலிக்காக யோகா வகுப்பில் சேர்ந்தேன். வலி போய்விட்டது, ஆனால் வகுப்பை விடவில்லை. காலை ஐந்தரைக்குப் பாயை விரித்தால் ஒரு மணி நேரம் நிம்மதி. பாயைச் சுருட்டும்போது அந்த நிம்மதியும் சேர்ந்து சுருண்டுகொள்கிறது, அதுதான் என் பிரச்சினை.

போன தை மாதம் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். என்னைவிட ஏழு வயது சின்னவன். அப்பா போன பிறகு நான்தான் படிக்க வைத்தேன். புது வீடு, மாடியோடு சேர்த்து மூன்று படுக்கையறை. வந்தவர்கள் எல்லாரும் "தம்பி நல்லா வந்துட்டாரு" என்று என்னிடம்தான் சொன்னார்கள். நானும் சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். பால் காய்ச்சி ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார்கள், எனக்கு அந்தப் பால் தொண்டையில் இறங்கவில்லை. கையில் டம்ளரை வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன், மேலே ஆடை படிகிற வரைக்கும். அவன்மேல் எனக்குப் பாசம் இல்லாமல் இல்லை, அதனால்தான் இன்னும் வலித்தது. வாடகை வீட்டுக்குத் திரும்பி வந்து படுத்தவன் விடியும்வரை புரண்டுகொண்டே இருந்தேன்.

மறுநாள் வகுப்பில் உட்கார்ந்திருந்தபோது, ஆறு வருஷமாக இங்கே என்னதான் செய்தேன் என்று தோன்றிவிட்டது. அப்புறம்தான் பதஞ்சலியின் யோக சூத்திரத்தை உரையோடு வாங்கிப் படிக்க ஆரம்பித்தேன். நாலு பாதம், அதாவது நாலு அத்தியாயம். முதல் பாதம் ஏதோ போயிற்று. இரண்டாம் பாதத்தில் 15-வது சூத்திரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். "விவேகம் உள்ளவனுக்கு எல்லாமே துன்பம்தான்" என்கிறார். மகிழ்ச்சிக்கு வழி தேடி வந்தவனிடம் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? இந்த வழியில் போனால் நிலையான மகிழ்ச்சி கிடைக்குமா, இல்லை எதிலும் ருசி இல்லாத ஆளாகத்தான் ஆவேனா? "நீங்க சாமியாராப் போகப் போறீங்களா" என்று வீட்டில் கேட்கிறாள், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த நூலோடு பழகியவர்கள் சொல்லுங்கள்.


புதுப்பாய் எழுதியது:

அண்ணா, எனக்கும் இதே சூத்திரத்தில்தான் சிக்கல். மூன்று மாதமாக ஒரு செயலியில் தியானம் செய்கிறேன், அதில் வருகிற குரல் "ஆனந்தம், ஆனந்தம்" என்றே சொல்கிறது. நூலைத் திறந்தால் துன்பத்தின் பட்டியல். யாராவது விளக்கினால் நானும் கேட்டுக்கொள்கிறேன்.


பழைய நோட்டு எழுதியது:

வைகைக்கரை, உங்கள் கேள்வியைப் படித்ததும் மனசு கனத்துவிட்டது. பலர் பேசத் தயங்குகிற ஒன்றை ஒளிக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நான் பள்ளியில் தமிழும் வடமொழியும் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவன். இந்த நூலை முப்பது வருஷமாகப் படித்து வருகிறேன், எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சூத்திரம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுவோம். துன்பம் என்று மொட்டையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை, காரணம் கொடுக்கிறார். பரிணாமம், தாபம், ஸம்ஸ்காரம் என்று மூன்று, அப்புறம் சத்துவம், ரஜஸ், தமஸ் என்கிற குணங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வது. பரிணாமம் என்றால் மாறிப் போவது. இன்று இனிப்பது நாளை அப்படியே இருக்காது. தாபம் என்பது அனுபவிக்கும்போதே உள்ளே இருக்கிற எரிச்சல். இது போய்விடுமோ, அவனுக்கு இன்னும் அதிகம் இருக்கிறதே என்கிற கொதிப்பு அதில் சேரும். ஸம்ஸ்காரம் என்பது அனுபவித்ததன் தழும்பு. ஒருமுறை இனித்தது மறுபடி வேண்டும் என்று அது நச்சரிக்கும். உங்கள் தம்பி வீட்டில் உங்கள் கையில் இருந்த டம்ளரில் இந்த மூன்றுமே இருந்தன என்று சொல்வேன். முன்னொரு காலத்தில் வீட்டுக்குப் பெரியவன், எல்லாரும் கையை எதிர்பார்க்கிற அண்ணன் என்ற இனிப்பு உங்களுக்கு இருந்திருக்கிறது. அது மாறிப் போனது பரிணாமம். அந்த நேரத்துக் கரிச்சல் தாபம். இரவு தூங்கவிடாமல் புரட்டியது ஸம்ஸ்காரம்.

இந்த இடத்தில் நூலின் பழைய உரையான வியாச பாஷ்யம் ஓர் உவமை சொல்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. யோகி கண்விழி மாதிரியானவன் என்கிறது. ஒரு கம்பளி இழை கையில் விழுந்தால் தெரியாது, தோளில் விழுந்தால் தெரியாது, கண்ணில் விழுந்தால் உறுத்தும். மற்றவர்கள் சுகம் என்று எடுத்துக்கொள்கிற இடத்திலேயே விவேகி அந்த இழையைக் கண்டுகொள்கிறான். ஆகவே "எல்லாம் துன்பம்" என்பது உலகத்தைப் பற்றிப் புலம்புவது இல்லை, பார்வை கூர்மையானவனுக்கு என்ன தெரிகிறது என்பதைச் சொல்வது. ருசி செத்துப்போன நாக்கைப் பற்றி அங்கே பேச்சே கிடையாது.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். 15-ல் நின்றுவிட்டீர்கள், 16-ஐப் படிக்கவில்லை. "ஹேயம் து:கம் அநாகதம்." இன்னும் வராத துன்பம் தவிர்க்கத்தக்கது. போன துன்பம் அனுபவித்து முடிந்துவிட்டது, இப்போது நடப்பது இந்தக் கணத்தோடு சரி, கை வைக்க முடிகிறது வரப்போவதில் மட்டும்தான் என்று பாஷ்யம் விளக்குகிறது. அதே பகுதியில் இதை வைத்தியத்தோடு ஒப்பிடுகிறது: நோய், நோயின் காரணம், நலம், மருந்து. நோயின் பெயரைச் சொல்கிற வைத்தியரை நம்பிக்கை கெடுப்பவர் என்று யாரும் சொல்வதில்லை. மருந்துச் சீட்டு அடுத்த பக்கத்தில் இருக்கிறது, புரட்டுங்கள்.

மகிழ்ச்சி கிடைக்குமா என்ற கேள்விக்கு ஒரே சூத்திரத்தில் பதில் இருக்கிறது, 2.42 (இரண்டாம் பாதம், 42-வது சூத்திரம்). சந்தோஷத்தால் ஒப்பற்ற சுகம் கிடைக்கிறது என்கிறார். நாம் பேச்சில் சந்தோஷம் என்றால் குஷியைச் சொல்கிறோம், அங்கே அர்த்தம் வேறு. கைக்கு எட்டியிருக்கிற சாதனத்துக்கு மேல் எடுத்துக்கொள்ள ஆசைப்படாமல் இருப்பது என்று பாஷ்யம் சொல்கிறது. அதாவது அது நியமம், தினமும் பழக வேண்டிய ஒன்று. நியமங்கள் ஐந்தில் தூய்மைக்கு அடுத்தது அதுதான். உணர்ச்சியைப் பழக முடியாது, இதைப் பழகலாம்.


தில்லைவாசி எழுதியது:

பழைய நோட்டு ஐயா அருமையாகச் சொன்னார்கள். ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஊரான சிதம்பரத்தில் பதஞ்சலி என்றால் புத்தகத்து ஆள் கிடையாது, வியாக்கிரபாதரோடு சேர்ந்து நடராசர் கூத்தைக் கண்டவர். சூத்திரம் எழுதியவரும் இவரும் ஒருவர்தானா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு, நான் அதற்குள் போகவில்லை. ஆனால் திருமூலர் நந்தி அருள் பெற்ற எட்டுப் பேரில் பதஞ்சலியையும் சேர்த்துத்தான் எண்ணுகிறார், திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் இயமம், நியமம் என்று தொடங்கி யோகத்தின் எட்டு உறுப்புகளையும் வரிசையாகச் சொல்கிறார். நியமத்தைச் சொல்லும் ஒரு பாட்டை "தவஞ்செபஞ் சந்தோடம்" என்றுதான் தொடங்குகிறார். சந்தோஷம் அவரிடமும் ஒரு விரதம்தான். அதனால் இது நமக்கு வெளியிலிருந்து வந்த சரக்கு என்று யாரும் தயங்க வேண்டாம்.


ஒற்றைப்பனை எழுதியது:

நான் இந்த விஷயத்தில் முரண்படுகிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நான் இருபது வருஷம் தொழிற்சங்கத்தில் இருந்தவன். "இருப்பது போதும், அதிகம் ஆசைப்படாதே" என்ற வார்த்தையை நான் யார் வாயிலிருந்து கேட்டேன் தெரியுமா? ஓவர்டைம் காசைக் கொடுக்காமல் இழுத்தடித்த ஒரு முதலாளியின் வாயிலிருந்து. மேஜையில் யோகா புத்தகம் இருந்தது. எதிரே நின்றவர்களில் ஒருத்தி மூன்று மாதக் கைக்குழந்தைக்காரி, கூலிச் சீட்டை மடித்து மடித்துக் கையிலேயே வைத்திருந்தாள், வியர்வையில் அது நைந்து போயிருந்தது. அவளிடம் போய்ச் சந்தோஷம் ஒரு நியமம் என்று சொல்வீர்களா? வைகைக்கரை அண்ணனுக்கு வாடகை வீடு, தம்பிக்குச் சொந்த வீடு, அதை வெறும் மன விகாரம் என்று முடித்துவிட முடியுமா? படிக்க வைத்தவருக்குத் தம்பி என்ன திருப்பிச் செய்தார் என்று யாராவது கேட்டீர்களா? போதும் என்கிற மனம் நல்லதுதான், அதை யார் யாருக்குச் சொல்கிறார்கள் என்பதும் பார்க்க வேண்டியதுதான்.


நீலக்குடை எழுதியது:

ஒற்றைப்பனை அண்ணா கேட்டது நியாயமான கேள்வி. நான் படித்தவள் இல்லை, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறேன். ஆனால் இந்த நூலிலேயே ஒரு சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டுதான் 14 வருஷமாக வார்டில் நிற்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

முதல் பாதம் 33. சுகமாக இருப்பவர்களிடம் நட்பு, துன்பப்படுகிறவர்களிடம் கருணை, நல்லது செய்கிறவர்களைக் கண்டால் மகிழ்ச்சி, தீயது செய்கிறவர்களிடம் உபேட்சை, அதாவது கண்டுகொள்ளாமல் ஒதுங்கி நிற்பது. இதைப் பாவித்தால் மனம் தெளியும் என்கிறார். முதலில் படிக்கும்போது சாதாரணமாகத்தான் தெரிந்தது. வேலையில் வைத்துப் பார்த்தபோதுதான் இதன் கெட்டிக்காரத்தனம் புரிந்தது. நமக்கு இயல்பாக வருவது நேர் எதிர். சுகமாக இருப்பவனைக் கண்டால் பொறாமை, கஷ்டப்படுகிறவனைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வது, நல்லது செய்கிறவனிடம் "நடிக்கிறான்" என்கிற சந்தேகம், கெட்டவனை நினைத்து நினைத்து ராத்திரி பல்லைக் கடிப்பது. நாலு இடத்திலும் மனம் எங்கே வழுக்கும் என்று பார்த்து அங்கே ஒரு கைப்பிடி வைத்திருக்கிறார்.

கவனியுங்கள், துன்பப்படுகிறவர்களிடம் உபேட்சை என்று அவர் சொல்லவில்லை. அங்கே கருணைதான். அந்தக் கைக்குழந்தைக்காரியிடம் போய் "போதும் என்று இரு" என்று சொல்கிறவர் இந்தச் சூத்திரத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு நோயாளியின் மகன், எப்போது பார்த்தாலும் சத்தம் போடுவார். ஒருநாள் என்னை எல்லார் முன்னாலும் அசிங்கமாகத் திட்டிவிட்டார். சலைன் மாற்றிக்கொண்டிருந்தேன், கை நடுங்கியது, அந்த நடுக்கம் அவருடைய அம்மாவுக்கும் தெரிந்தது. அந்த அம்மா என் மணிக்கட்டை மெல்லப் பிடித்துக்கொண்டார்கள், ஒன்றும் பேசவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் யோசித்தேன். அந்த மகன் தீயவர் கணக்கில் வருவாரா, துன்பப்படுகிறவர் கணக்கில் வருவாரா? மறுநாள் இரண்டாவது கணக்கில் வைத்துப் பேசினேன். அவர் அடங்கினாரா என்றால் முழுசாக இல்லை. ஆனால் என் கை நடுங்கவில்லை.

வைகைக்கரை அண்ணா, உங்களுக்கு இந்தச் சூத்திரத்தின் முதல் கைப்பிடி போதும் என்று நினைக்கிறேன். அப்புறம் ஒரு விஷயம், நர்ஸ் என்ற முறையில் கேட்கிறேன். தூக்கம் வராதது அன்றைக்கு ஒருநாள் மட்டும்தானா? தொடர்ந்து இரண்டு மூன்று வாரம் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். பதஞ்சலி தடைகள் ஒன்பதைச் சொல்லும்போது முதலாவதாக வைத்திருப்பதே வியாதியைத்தான். உடம்பையும் மனத்தையும் வைத்தியம் பார்த்துச் சரிசெய்துகொள்வது யோகத்துக்கு விரோதம் கிடையாது.


பழைய நோட்டு எழுதியது:

நீலக்குடை, "நான் படித்தவள் இல்லை" என்று இனிமேல் எழுதாதீர்கள் அம்மா. நீங்கள் சொன்னதோடு ஒன்று சேர்க்கலாம். மூன்றாம் பாதத்தில் இந்த நட்பு முதலானவற்றைப் பாவித்தால் பலம் வரும் என்று ஒரு சூத்திரம் வருகிறது. அங்கே பாஷ்யகாரர் நட்பு, கருணை, மகிழ்ச்சி மூன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறார். உபேட்சை பாவனை ஆகாது, அதனால் அதிலிருந்து பலம் வராது என்கிறார். ஒதுங்கி நிற்பது ஒரு தற்காப்பு மட்டும்தான். அதையே யோகம் என்று பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது.

ஒற்றைப்பனை, உங்கள் கோபத்தை நான் மதிக்கிறேன். என் பதில் இது. சந்தோஷம் நியமத்தில் வருகிறது. நியமம் என்பது ஒருவன் தனக்குத் தானே விதித்துக்கொள்வது. மற்றவர்களோடு எப்படி நடப்பது என்பது அதற்கு முந்திய உறுப்பான யமத்தில் இருக்கிறது: கொல்லாமை, வாய்மை, கள்ளாமை, பிரமசரியம், பொருள் குவிக்காமை. வரிசையை மாற்றிப் படிக்கக் கூடாது. கூலியைப் பிடித்து வைக்கிறவர் கள்ளாமையிலேயே தவறிவிட்டார், அவர் வாயால் அடுத்தவருக்குச் சந்தோஷத்தை விதிப்பதற்கு இந்த நூலில் இடமே இல்லை. இன்னும் ஒன்று, 2.34-ல் தீங்கைப் பிரிக்கும்போது தானே செய்தது, பிறரைக் கொண்டு செய்வித்தது, நடப்பதைப் பார்த்து ஆமோதித்தது என்று மூன்றாகப் பிரிக்கிறார். வாய்மூடி ஒத்துப்போவதும் கணக்கில் வருகிறது. அப்படியென்றால் நீங்கள் அந்தப் பெண்ணுக்காக மேஜைக்கு எதிரே நின்றது யமத்துக்குள்தான் வரும் என்பது என் கருத்து.


தில்லைவாசி எழுதியது:

திருமூலர் இயமம் சொல்லும் பாட்டில் "பகுத்துண்பான்" என்றே ஒரு சொல் இருக்கிறது, "நடுச்செய்ய வல்லான்" என்றும் வருகிறது. பங்கிட்டு உண்பதும் நடுவு நிலைமையும் அவருக்கு யோகத்தின் முதல் படி. ஒற்றைப்பனை அண்ணனுக்கு இது பிடிக்கும்.


ஒற்றைப்பனை எழுதியது:

பிடிக்கிறது. 2.34-ஐ இதுவரை எனக்கு யாரும் சொன்னதில்லை, தேடிப் படிக்கிறேன். ஆனாலும் மனம் முழுசாக ஒப்பவில்லை. நூலில் வரிசை சரியாக இருக்கிறது, ஊரில் நடக்கும் வகுப்புகளில் யமத்தை யார் சொல்கிறார்கள்? நேராகப் பாயை விரி, மூச்சை இழு. 2015-லிருந்து ஜூன் 21, யோகா தினம் என்றால் மைதானம் நிறைகிறது, நல்ல விஷயம்தான், அங்கே கள்ளாமை பற்றி ஒரு நிமிஷம் பேசுகிறார்களா?


பழைய நோட்டு எழுதியது:

உண்மைதான். 195 சூத்திரங்களில் (சில பதிப்புகளில் 196) ஆசனத்துக்கென்று இருப்பது மூன்றே மூன்று. அசையாமல் சுகமாக இருப்பது ஆசனம், முயற்சியைத் தளர்த்தினால் அது கைகூடும், கைகூடினால் குளிர் வெப்பம் போன்ற இரட்டைகள் தாக்காது, அவ்வளவுதான். உட்கார்வதற்குத் தேவையான அளவு சொல்லிவிட்டு அவர் போய்விடுகிறார்.


புதுப்பாய் எழுதியது:

ஐயா, என் கேள்வி இன்னும் நிற்கிறது. ஆனந்தம் என்கிற சொல் நூலில் எங்கேயாவது வருகிறதா? அப்புறம், புருஷன் (பார்க்கிற உணர்வு), பிரகிருதி (மனமும் சேர்ந்த இயற்கை) என்று வருகிறதே, அதை நம்பினால்தான் இதெல்லாம் வேலை செய்யுமா? நான் சாமி நம்பிக்கை குறைந்தவன், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.


பழைய நோட்டு எழுதியது:

வருகிறது தம்பி, 1.17-ல். ஆனால் அது வருகிற இடம்தான் கவனிக்க வேண்டியது. சமாதியின், அதாவது மனம் ஒன்றிப்போகிற நிலையின், படிகளைச் சொல்லும்போது விதர்க்கம், விசாரம், ஆனந்தம், அஸ்மிதை என்று நாலு சொல்கிறார். ஆனந்தம் அதில் மூன்றாவது படி. அதையும் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. கடைசியில் வரும் கைவல்யம் என்கிற விடுதலையை அவர் ஆனந்தம் என்று வர்ணிப்பதே இல்லை. வேதாந்தம் படித்தவர்கள் சச்சிதானந்தம் என்பார்கள், அது வேறு மரபு, இரண்டையும் கலந்து சொல்வதால்தான் உங்கள் செயலி மாதிரிக் குழப்பம் வருகிறது. இனிமையான அனுபவம் வந்தால் அது ராகத்துக்கு, அதாவது பற்றுக்கு, விதை போடும் என்பது 2.7. தியானத்தில் வரும் இனிமைக்கும் அதே கதிதான். நேற்றுக் கிடைத்த அமைதி இன்று கிடைக்கவில்லையே என்று தவிப்பவர்கள் எத்தனை பேர்!

இரண்டாவது கேள்விக்கு, நம்பிக்கையோடு ஆரம்பிக்கத் தேவையில்லை என்பேன். மனத்தில் எழுவது ஒன்று, அதைப் பார்ப்பது ஒன்று என்ற அளவு தெரிந்தால் ஆரம்பத்துக்குப் போதும்.


தில்லைவாசி எழுதியது:

ஐயாவை மறுத்துப் பேசச் சங்கடமாகத்தான் இருக்கிறது, ஆனால் இந்த இடத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. பார்ப்பவனும் பார்க்கப்படுவதும் ஒட்டிக்கொண்டதுதான் துன்பத்தின் காரணம் என்று 2.17 சொல்கிறது. அது நூலின் இதயம். அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கைப்பிடிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் மன அழுத்தத்துக்கு ஒரு பயிற்சி கிடைக்கும், யோகம் கிடைக்காது. ஈசுவர பிரணிதானத்தையும், அதாவது இறைவனிடம் தன்னை ஒப்படைப்பதையும், அவர் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் சொல்கிறார், சும்மா சொல்லவில்லை. சந்நிதியில் நிற்கும்போது எனக்குச் சில நொடிகள் "நான்" என்ற பாரம் இறங்குகிறது, அந்த அனுபவம் இல்லாவிட்டால் நான் இந்த நூலைத் தொட்டிருக்கவே மாட்டேன்.


பழைய நோட்டு எழுதியது:

உங்கள் வழி அது, அதை நான் குறைத்து மதிப்பிடவே மாட்டேன். ஆனால் அவரே 1.23-ல் ஈசுவர பிரணிதானத்தைச் சொல்லும்போது "அல்லது" என்ற சொல்லைப் போட்டுத்தான் சொல்கிறார். அந்த "அல்லது" புதுப்பாய் போன்றவர்களுக்காகத் திறந்து வைத்த கதவு என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் இரண்டு பேரும் இதில் ஒத்துப்போகாமலே இருக்கலாம்.


நீலக்குடை எழுதியது:

தமிழில் படிக்க நினைப்பவர்களுக்கு: முதல் பாதத்தைப் பாரதியார் மொழிபெயர்த்து உரையும் எழுதியிருக்கிறார். நான் அதில்தான் தொடங்கினேன்.


வைகைக்கரை எழுதியது:

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, மன்னிக்கவும். எல்லாருடைய பதிலையும் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். முதலில் நீலக்குடை அம்மாவுக்கு: தூக்கம் கெட்டது நாலைந்து நாள்தான், இப்போது சரியாகிவிட்டது. அப்படிக் கேட்டதற்கே நன்றி.

ஒற்றைப்பனை, தம்பி எனக்கு என்ன செய்தான் என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் உள்ளே குடைந்தது. கணக்கு எழுதுகிறவன் இல்லையா, உட்கார்ந்து எழுதியே பார்த்துவிட்டேன். நான் அவனுக்குக் கட்டிய கல்லூரிப் பணம், அவன் என் மகள் கல்யாணத்துக்குக் கொடுத்தது, அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சையின்போது வேலைக்கு விடுப்புப் போட்டு ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தது. இந்த ஒன்பது நாளை எந்தப் பக்கம் எழுதுவது, என்ன தொகை போடுவது என்று தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு காரியம்தான் செய்தேன். இரவு படுக்கும் முன்னால் அன்றைக்கு எந்த இடத்தில் கரித்தது என்று ஒரு வரி எழுதுவேன். அதற்குப் பக்கத்தில் அதன் எதிர்ப்பக்கத்தை ஒரு வரி எழுதுவேன். பிரதிபட்ச பாவனை என்று 2.33-ல் படித்ததை என் வசதிக்குத் தகுந்தபடி இப்படி வைத்துக்கொண்டேன், சரியா தவறா என்று பழைய நோட்டு ஐயாதான் சொல்ல வேண்டும். முதல் வாரம் எழுதியதெல்லாம் பொய். "அவன் நன்றாக இருக்கட்டும்" என்று கை எழுதுகிறது, உள்ளே ஒன்றும் அசையவில்லை. மூன்றாவது வாரத்தில் ஒருநாள் "அவன் மகள் அந்த மாடி அறையில் தனியாக உட்கார்ந்து படிப்பாள்" என்று எழுதினேன். அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே மண்ணெண்ணெய் விளக்குக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து படித்தது, எண்ணெய் தீரும் நேரத்தில் விளக்கை அவன் பக்கமாக நான் நகர்த்தி வைப்பது, எல்லாம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அன்றைக்கு எழுதிய வரி பொய் இல்லை.

முந்தாநாள் அவன் வீட்டுக்குப் போனேன், கிரகப்பிரவேசத்துக்கு அப்புறம் முதல் தடவை. தம்பி மனைவி காபி கொடுத்தாள். குடித்தேன், நன்றாக இருந்தது. ஆனால் கிளம்பும்போது பக்கத்து மனை விலைக்கு வருகிறது, அதையும் பார்க்கலாமா என்று இருக்கிறேன் என்றான். சட்டென்று அதே கரிச்சல், அதே இடத்தில். முன்னைவிடக் குறைவு, ஆனால் அதே ஆள்தான், எனக்கு அடையாளம் தெரிந்தது. ஐயா, இது போகவே போகாதா?


பழைய நோட்டு எழுதியது:

நீங்கள் செய்தது சரியான முறைதான், அதிலும் முதல் வாரம் பொய்யாக இருந்தது என்று உங்களுக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள், அதுவே பெரிய விஷயம்.

2.4-ஐ எடுத்துப் பாருங்கள். கிலேசங்களுக்கு, அதாவது பற்று, வெறுப்பு போன்ற மன அழுக்குகளுக்கு, நாலு நிலை சொல்கிறார். உறங்கிக் கிடப்பது, மெலிந்தது, இடையில் அறுபட்டது, முழு வீச்சில் எழுந்தது. கிரகப்பிரவேசத்துக்கு முன்னால் உங்கள் பொறாமை இல்லாமல் இல்லை, உறங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு எழுந்தது. பாசம் மேலே வரும்போது அறுபடுகிறது, பாசம் தணியும்போது மறுபடி தலை காட்டுகிறது. ஒன்று மேலே நிற்கும்போது மற்றது ஒழிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது என்று பாஷ்யம் எச்சரிக்கிறது. தவம், ஓதல், ஈசுவர பிரணிதானம் மூன்றும் சேர்ந்த கிரியா யோகத்தின் வேலையே கிலேசங்களை மெலிய வைப்பதுதான் என்கிறார் 2.2-ல். வேரோடு போவது அதற்கு வெகு தூரம் பிந்தி நடப்பது. எத்தனை நாள் என்று கேட்டால், நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு என்றுதான் 1.14 சொல்கிறது. நாள் கணக்கு கொடுக்கவில்லை. எனக்கு 71 வயது, என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு நல்லாசிரியர் விருது கிடைத்ததை இன்னமும் என்னால் முழு மனசோடு நினைக்க முடியவில்லை. ஆனால் இப்போது அது வந்தால் ஒரு காபி ஆறும் நேரத்துக்குள் போய்விடுகிறது. முன்பு வாரக்கணக்கில் இருக்கும்.

நீங்கள் முதலில் கேட்ட நிலையான மகிழ்ச்சியை நான் இப்படித்தான் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து எதுவும் வந்து சேரவில்லை, எரிவது குறைந்தது. "இன்பம் இடையறாது ஈண்டும் அவாவென்னும் துன்பத்துள் துன்பம் கெடின்" என்ற குறளைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ வருஷம் நடத்தியிருக்கிறேன். கெடின் என்ற அந்தச் சொல்லில் எவ்வளவு வேலை இருக்கிறது என்பது ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.


ஒற்றைப்பனை எழுதியது:

வைகைக்கரை அண்ணா, விளக்கு விஷயத்தைத் தம்பியிடம் சொன்னீர்களா? சொல்லுங்கள். அவருக்கும் ஞாபகம் இருக்கும்.


வைகைக்கரை எழுதியது:

இன்னும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போகிறேன். மாடித் தொட்டிக்குப் போகிற குழாய் எங்கேயோ கசிகிறதாம், பிளம்பர் வரும்போது நீயும் கூட இருந்தால் நல்லது அண்ணா என்றான். அந்த மனையின் பத்திரத்தையும் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறான். கண்ணாடியை எடுத்துப் பையில் வைத்துவிட்டேன்.